பரீட்சைக்கு முன்னே ஒரு பரீட்சை

நம் சங்க அறையில் நடந்த ஒரு தவற்றை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு இந்தத் தலையங்கத்தைத் தொடங்குவதே நியாயம்.

நம் ரயில்வே லைனுக்கு அப்பால், ஊராட்சி எல்லைக்குள், விழுப்புரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் குடும்பம் இருக்கிறது. அவருடைய மகள் அங்குள்ள பஞ்சாயத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். கெட்டிக்காரப் பெண். ஜவஹர் நவோதயா பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுப் பரீட்சைக்கு அவளுடைய மனுவை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமே உட்கார்ந்து நிரப்பினோம். கிராமப்புறமா, நகர்ப்புறமா என்ற கேள்வி வந்தது. பள்ளி இருப்பது கிராமத்தில். ஆகவே கிராமப்புறம் என்று போட்டோம். பெண் எழுதினாள். பட்டியலில் அவள் எண் வந்தது. கொத்தனார் சங்கத்துக்கு ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்தார்.

சான்றுகளைச் சரிபார்க்கும் நாளில்தான் விஷயம் வெளியே வந்தது. அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, தகப்பனார் மேம்பால வேலைக்குப் பெருநகரம் போனார். குடும்பமும் கூடப் போயிற்று. இரண்டரை மாதம் அங்கே ஒரு மாநகராட்சிப் பள்ளியில் அவள் படித்தாள். வேலை முடிந்ததும் திரும்பி வந்தார்கள். அந்த இரண்டரை மாதம் பள்ளிச் சான்றில் இருந்தது. நாம் கேட்கவில்லை, அவர்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. இடம் போயிற்று.

பள்ளிக்காரர்களைக் குறை சொல்ல நமக்கு வழியில்லை. விதி அச்சில் இருக்கிறது. கிராமப்புற இடம் கோரும் பிள்ளை மூன்று, நான்கு, ஐந்து ஆகிய வகுப்புகளை முழுமையாகக் கிராமப்புறப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த மூன்று வகுப்புகளில் ஒரே ஒரு நாள் நகர்ப்புறப் பள்ளியில் படித்திருந்தாலும் அது நகர்ப்புறப் பிள்ளை. ஒருமுறை எழுதிய பிள்ளை மறுமுறை எழுதவும் முடியாது. "விடுங்கண்ணே, வேலை எங்க இருக்கோ அங்கதானே போகணும்" என்று கொத்தனார் நமக்கே ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் நம்மைச் சுடுகிறது.

பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது என்றால் கணக்கும் பாடமும் சொல்லிக்கொடுப்பது என்றுதான் நாமெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிறவர்களுக்கு அதற்கு முன்னே வேறொரு பரீட்சை இருக்கிறது. அதை எழுதுவது பிள்ளையல்ல, பெற்றோரும் சங்கமும். அதில் நாம் தோற்றால், பிள்ளை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. இதைச் சொல்லத்தான் இந்த மாதத் தலையங்கம்.

நவோதயா என்றால் என்ன?

1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி மத்திய சர்க்கார் தொடங்கிய பள்ளிகள் இவை. முதல் இரண்டு பள்ளிகள் 1985-86 கல்வியாண்டில் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிராவின் அமராவதியிலும் திறக்கப்பட்டன. இன்று நாட்டில் அறுநூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை; ஆணும் பெண்ணும் தங்கிப் படிக்கும் பள்ளிகள். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 600 ரூபாய் ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும்; அதிலும் பெண் குழந்தைகளுக்கும், பட்டியல் ஜாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும், உடல் ஊனமுற்றோருக்கும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தாருக்கும் விலக்கு உண்டு. சர்க்கார் ஊழியர் பிள்ளைகளுக்குத் தொகை கூடுதல். ரயில்வேத் தோழர்கள் கவனிக்க.

ஒரு பள்ளியில் ஆண்டுக்கு அதிகபட்சம் 80 பிள்ளைகள். குறைந்தது நான்கில் மூன்று பங்கு இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. செங்கல் சூளையிலும் கல்லுடைப்பிலும் கட்டட வேலையிலும் இருக்கும் நம் மக்கள் பெரும்பாலும் ஊர் எல்லைக்கு வெளியேதான் குடியிருக்கிறார்கள். அந்த நான்கில் மூன்று பங்கு நமக்கும் உரியது. இருந்தும், பட்டியல் ஒட்டும் நாளில் நம் பெயர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்பள்ளி இல்லை. 1968 முதல் அங்கே இருமொழிக் கொள்கை; நவோதயாவில் மும்மொழி. இது குறித்த வழக்கில் 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பள்ளிகளுக்கு இடம் கொடுக்கச் சொன்னது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பக்கத்திலேயே புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பள்ளிகள் நடக்கின்றன. அந்த வாதத்தைத் தாயகத்தில் இருப்பவர்கள் நடத்தட்டும். இந்தியைத் திணிக்காதே என்று சொன்ன தலைமுறையின் பிள்ளைகள்தான் நாமும். ஆனால் பிழைப்புக்கு வந்த இடத்தில் தண்ணீர் குழாயடியில் ஒரு மொழி, ரேஷன் கடையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று நம் பிள்ளைகள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறார்கள். சுமை நமக்கு வந்துவிட்டது; அதனால் கிடைக்கும் பலனை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பெற்றோர் எழுதும் பரீட்சை

முதலாவது, பிள்ளை எங்கே படிக்கிறது என்ற கேள்வி. பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்திலேயே குடியிருந்து, அதே மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டும் படிக்கிற பிள்ளைதான் எழுதலாம். நம்மில் பலர் பிள்ளையைத் திருநெல்வேலியிலோ சேலத்திலோ பாட்டியிடம் விட்டுவிட்டு, "பெரிய வகுப்பு வந்ததும் கூட்டி வரலாம்" என்று இருக்கிறோம். பாட்டியிடம் வளர்வதில் குற்றமில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டில் படிக்கிற பிள்ளைக்கு எழுத அங்கே பள்ளியும் இல்லை, இங்கே எழுத உரிமையும் இல்லை. பாதி ஆண்டில் கூட்டி வந்தாலும் கதவு மூடிவிடும். ஐந்தாம் வகுப்பு தொடங்கும்போதே பிள்ளை இங்கே பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் மாவட்டத்தில் நவோதயா இருக்கிறதா என்பதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேலை மாறும்போது பள்ளி மாறுவது. மேஸ்திரி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. அது நமக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு முடியும் வரை, முடிந்தவரையில் தகப்பனார் மட்டும் போய் வருவது, அல்லது பிள்ளையை அதே ஊரில் உறவினர் வீட்டில் விட்டுப் போவது என்று யோசிக்கலாம். அதுவும் முடியாவிட்டால், போய்ச் சேர்ந்த பள்ளி கிராமமா நகரமா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒளிக்கத் தேவையில்லை. நகர்ப்புறப் பிள்ளையானாலும் மீதமுள்ள பொது இடங்களுக்குப் போட்டியிடலாம். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் கொத்தனார் மகளுக்கு அந்தப் போட்டியாவது மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, காகிதங்கள். பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று, பிறப்புச் சான்றில் ஒன்று என்று இருப்பது நம் வீடுகளில் வழக்கம். பெயரும் அப்படியே. தமிழ்ப் பெயரை மராத்தியிலோ இந்தியிலோ எழுதும்போது ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார். தகப்பன் பெயரையே இனிஷியலாக வைக்கும் நம் வழக்கம் இவர்களுக்குப் புரிவதில்லை. ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக்கி விடுகிறார்கள். நாமும் ஒரு குமாஸ்தாதான். ஓர் எழுத்து மாறினால் சரக்கு எந்த ஊர் யார்டில் கிடக்கும் என்பது நமக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலேயே இவற்றை ஒன்றாக்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் எந்த ஆபீசும் திருத்தித் தராது.

ஜாதிச் சான்று தனிச் சங்கடம். ஒரு மாநிலத்தில் பட்டியல் ஜாதியாக இருப்பவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அந்த மாநிலத்துச் சலுகையைப் பிறந்த மாநிலச் சான்றைக் காட்டிக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நவோதயாவோ மத்திய சர்க்கார் பள்ளி. ஆகவே எந்தச் சான்று, எந்த மாதிரிப் பாரத்தில் செல்லும் என்று அந்தப் பள்ளிக்கே முன்கூட்டி எழுதிக் கேட்டு, பதிலைக் காகிதத்தில் வாங்கி வையுங்கள். எதுவானாலும் தகப்பனாரின் சான்று அடிப்படை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாலுகா ஆபீசுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

மனு இணையத்தின் வழியாகத்தான், கட்டணம் கிடையாது. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று, பிள்ளையின் போட்டோ, பிள்ளை, பெற்றோர் இருவர் கையெழுத்து ஆகியவை வேண்டும். பெரும்பாலும் மழைக்காலத்தில் மனுக்கள் வாங்கப்படுகின்றன. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திருவிழா, கல்யாணம் என்று தங்கிவிடும் காலமும் அதுதான். திரும்பி வரும் டிக்கெட்டை நேரத்தோடு எடுங்கள்.

பிள்ளை எழுதும் பரீட்சை

இனிப் பரீட்சையைப் பற்றி. இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். அறிவுத் திறனுக்கு 40 கேள்விகள், 50 மதிப்பெண். கணக்குக்கு 20 கேள்விகள், 25 மதிப்பெண். மொழிக்கு 20 கேள்விகள், 25 மதிப்பெண். மூன்றிலும் தனித்தனியே தகுதி மதிப்பெண் வாங்க வேண்டும். ஒன்றில் ஏறி ஒன்றில் விழுந்தால் போதாது.

பாதி மதிப்பெண் தரும் அறிவுத் திறன் பகுதி முழுவதும் படங்களே. அதில் எந்த மொழியும் இல்லை. நான்கு படத்தில் மாறுபட்டது எது, வரிசையில் அடுத்தது எது, கண்ணாடியில் எப்படித் தெரியும், மடித்த காகிதத்தில் ஓட்டை போட்டு விரித்தால் எப்படி இருக்கும், ஒரு படத்துக்குள் மறைந்திருக்கும் படம் எது, இவ்வகைக் கேள்விகள். ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இங்கே வித்தியாசம் கிடையாது. வாசலில் புள்ளி வைத்துக் கோலத்தின் ஒரு பக்கம் போட்டு, மறுபக்கத்தைப் பெண்ணை முடிக்கச் சொல்லும் தாய் இந்தப் பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். மடித்த துணியைக் கத்தரித்து விரித்துக் காட்டும் தையற்காரத் தோழரும் அப்படியே. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள் இருந்தால் இந்தப் பகுதிக்கு வேண்டிய கருவி முடிந்தது. தினம் பத்துக் கேள்வி போதும். விடையைப் பிள்ளை சொன்னால் மட்டும் விடாதீர்கள்; ஏன் அந்த விடை என்று கேளுங்கள்.

கணக்கில் எண்கள், பின்னம், தசமம், மீச்சிறு பொது மடங்கு, நீளம் எடை காலம் பணம் ஆகிய அளவுகள், லாப நஷ்டம், சுற்றளவு, பரப்பளவு ஆகியவை முக்கியம். இவையெல்லாம் நம் பிழைப்பிலேயே இருக்கின்றன. இரவு 10.40-க்குப் புறப்படும் வண்டி காலை 6.15-க்கு வந்து சேர்ந்தால் எத்தனை மணி நேரம்? நடுராத்திரியில் பிரித்துக் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை 7 மணி 35 நிமிஷம் என்று சொல்லிவிடும். மளிகைச் சீட்டைக் கூட்டச் சொல்லுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு ஓரடிச் சதுரக் கல் எத்தனை என்று தகப்பனார் கேட்கட்டும். வாய்ப்பாடு மட்டும் தமிழில் ஒருவிதம், பள்ளியில் ஒருவிதம் என்று குழம்பாமல், பள்ளி மொழியில் பதினாறு வரை உருப்போட்டிருக்க வேண்டும்.

மொழிப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். நான்கு சிறு பத்திகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி. மனுவில் எந்த மொழி குறிக்கிறோமோ அந்த மொழியில்தான் வினாத்தாள் வரும். பரீட்சை அன்று மாற்ற முடியாது. வீட்டில் பேசுகிற மொழி என்று எண்ணித் தமிழைப் போட்டுவிட்டு, தமிழ் எழுத்தே கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையை அனுப்புவதும் தவறு. கௌரவத்துக்காக ஆங்கிலம் போடுவதும் தவறு. பிள்ளை பள்ளியில் எந்த மொழியில் படித்துப் புரிந்துகொள்கிறதோ அதைப் போடுங்கள். அந்த மொழிக் கதைப் புத்தகத்தில் தினம் ஒரு பக்கம் சத்தம் போட்டுப் படிக்கட்டும். படித்து முடித்ததும் என்ன கதை என்று அம்மாவிடம் தமிழில் சொல்லட்டும். தமிழில் திருப்பிச் சொல்ல முடிந்தால் புரிந்தது என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இப்படி வாத்தியாராகலாம். தமிழும் வீட்டில் தங்கும்.

கடைசியாக, விடைத்தாள். விடைக்குரிய வட்டத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் நிரப்ப வேண்டும். பிறகு அழித்து மாற்ற முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை பென்சிலையே பிடித்த கை முதல் முறை பேனா பிடித்தால் தடுமாறும். வட்டம் வரைந்து நிரப்பப் பத்து நாள் பழக்குங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை; ஆகவே ஒரு கேள்வியையும் விடக் கூடாது. ஒரு கேள்விக்குச் சராசரி ஒன்றரை நிமிஷம். தெரியாததில் மாட்டிக்கொண்டு நிற்காமல், தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும் பழக்கம் வேண்டும்.

இதற்காக ஓவர்டைம் பணத்தையெல்லாம் கோச்சிங் கடைகளில் கொட்டத் தேவையில்லை. "இடம் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவனை வாசலிலேயே நிறுத்துங்கள். தினம் ஒரு மணி நேரம், ஓராண்டு, அடி இல்லாமல், ஏச்சு இல்லாமல், அவ்வளவுதான். பத்து வயதுக் குழந்தை விளையாடவும் வேண்டும்.

நம் நிலை என்ன?

எண்பது இடத்துக்கு ஒரு மாவட்டத்தையே போட்டியிட வைத்து, வென்றவனுக்கு நல்ல பள்ளி, தோற்றவனுக்கு ஒழுகுகிற கூரை என்பது நீதியா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நீதியல்ல. எல்லாப் பள்ளியும் நவோதயாவாக வேண்டும் என்பதே நம் கோரிக்கை. எந்த மாநாட்டிலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் அந்த நாள் வரும்வரை, இருக்கிற எண்பதில் நமக்குரியதை விட்டுவிடுவது கொள்கையாகாது. பணியிடங்கள் போதாது என்று போராடிக்கொண்டே, இருக்கிற பணியிடத்துக்கும் நாம் மனுப் போடவில்லையா?

இன்னொரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பிள்ளை ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாற உரிமை தருகிறது. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றை உடனே கொடுக்க வேண்டும். சான்று தாமதமானது என்று புதிய பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை நம்பித்தான் கொத்தனார் தன் மகளை இரண்டரை மாதம் மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தார். பிள்ளையைப் படிப்பை விடாமல் சேர்த்ததற்காகவே அவள் இடத்தை இழந்தாள். பள்ளிக்கே அனுப்பாமல் மேம்பாலத்தடியில் மணலில் விளையாட விட்டிருந்தால், பதிவேட்டில் நகரம் என்ற சொல்லே ஏறியிருக்காது! பிள்ளையைப் படிக்க வைத்த தகப்பனுக்கா தண்டனை?

நகரத்துப் பணக்காரர் கிராமத்துப் பிள்ளையின் இடத்தைத் தட்டிப் பறிக்காமல் இருக்கத்தான் அந்த விதி வந்தது என்பது நமக்குப் புரிகிறது. அந்த நோக்கத்தை மதிக்கிறோம். விதியை எடுக்கச் சொல்லவில்லை. கூலி வேலைக்காகப் பெற்றோருடன் சில மாதம் இடம் மாறிய பிள்ளைக்கு, வேலை செய்த இடத்துச் சான்றைக் கொண்டு விலக்கு வேண்டும் என்கிறோம். தமிழர் கணிசமாக வாழும் மாவட்டங்களில் விதிமுறைக் குறிப்பைத் தமிழிலும் தர வேண்டும் என்கிறோம். இந்த இரண்டு கோரிக்கைகளையும் மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். தமிழர் மட்டுமல்ல, பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்த தொழிலாளரிடமும் கொண்டு போங்கள். அவர்கள் பிள்ளைகளும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

சங்கம் தன் பங்குக்குச் செய்வது இது. மூன்றாம் வகுப்பிலிருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். எந்தப் பள்ளி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கிராமமா நகரமா, சான்றில் பெயர் எப்படி இருக்கிறது ஆகிய எல்லாம் அதில் ஏறும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சங்க அறையில் பயிற்சி நடக்கும். மனு நிரப்பும்போது ஒருவர் எழுத, இன்னொருவர் சான்றுகளை வைத்துச் சரிபார்ப்பார். சென்ற ஆண்டு அந்த இரண்டாம் ஆள் இருந்திருந்தால் இந்தத் தலையங்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தயக்கம் இயற்கை. சேர்க்கும் முன் பள்ளிக்கு நேரில் போய்ப் பாருங்கள். சமையலறையையும் பெண்கள் விடுதியையும் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பட்டியலில் பெயர் வராத பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள் என்பதையும் இப்போதே மனதில் வைக்க வேண்டும். அவர்கள் தோற்றவர்கள் அல்லர். பின்னத்தையும் தசமத்தையும் பத்தி படித்துப் பொருள் சொல்வதையும் கற்ற பிள்ளை, எந்த ஆறாம் வகுப்பிலும் முதல் பெஞ்சில் உட்காரும். வீட்டில் யாரும் அதை ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

கொத்தனார் மகள் இப்போது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ஞாயிறு வகுப்புக்கு அவள்தான் முதலில் வந்து அறையைக் கூட்டிப் பாய் விரிக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குக் காகிதம் மடித்துக் காட்டுகிறாள். நவோதயாவில் ஒன்பதாம் வகுப்புக்கும் காலியிடங்களுக்குத் தனிப் பரீட்சை உண்டு. அதற்கு அவள் பெயரைப் பதிவேட்டில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். இந்த முறை சான்றுகளை இரண்டு பேர் பார்ப்போம்.

உங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இந்த ஞாயிறே பள்ளிச் சான்றோடு சங்க அறைக்கு வாருங்கள்.